மீன் விடாத தொட்டியும் அலை கொண்டுபோன கண்ணாடியும்

பூலாம்பாளையத்திலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே போனாலும் பொழுதுக்கும் பஸ்ஸில் உட்கார வேண்டும், மேற்கே மலையேறி இறங்கினாலும் பொழுதுக்கும் உட்கார வேண்டும் என்பதால், அந்த ஊர்க்காரர்கள் ஆயுளில் ஒரு தடவையோ ரெண்டு தடவையோ டூரிஸ்ட் பஸ் பிடித்து, புளிச்சோறு கட்டிக்கொண்டு, கன்னியாகுமரி, திருச்செந்தூர், ராமேஸ்வரம் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டு, ஆளுக்கு ஒரு சாமானைக் கடலில் தொலைத்துவிட்டு வீடு திரும்புவார்கள். வேண்டுமென்று யாரும் தொலைப்பதில்லை. அலையைக் கண்டதும் வாயைப் பிளந்து நிற்பார்கள், அந்த நேரத்தில் செருப்பு போகும், கொலுசு போகும், டார்ச் லைட் போகும், ஒருத்தருக்குப் பல்செட்டே போனது. போனதைப் பற்றி அடுத்த இருபது வருஷத்துக்குப் பேசுவார்கள். கடலைப் பற்றிக் கேட்டால் மட்டும், "தண்ணி நெறையா இருந்துச்சுங்க" என்பதோடு சரி.

அப்பேர்ப்பட்ட ஊரில், கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிற மாதேசு, ஒரு புரட்டாசி மாதம் கடைக்குள் நாலடி நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி ஒன்றை இறக்கி, அதில் கடல் உப்பைக் கரைத்து, கல்லும் மணலும் பரப்பி, மோட்டாரை ஓடவிட்டு, மீனை மட்டும் விடாமல் வைத்தான். கண் டெஸ்டுக்குக் காத்திருக்கிறவர்கள் வேடிக்கை பார்க்க வண்ண மீன் இருந்தால் நன்றாக இருக்குமே என்பதுதான் அவன் எண்ணம். ஆனால் சேலத்தில் மீன் விற்கிற ஜமால் பாய் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"அண்ணே, நாப்பது நாளைக்கு மீனு கேக்காதீங்க. கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க தண்ணியில மொதல்ல குடி வரணும். அதுங்கதான் மீனோட கழிவத் தின்னு தண்ணியக் காப்பாத்தும். அதுக்கு முன்னாடி மீன வுட்டா, அது போட்ட கழிவே அதுக்கு வெசம்."

மாதேசு எதையும் ரெண்டு தடவை பார்க்கிற ஆள். முப்பது லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுல தெளிவாத் தெரியுதுங்களா, இல்ல முந்தி மாதிரியே இருக்குதுங்களா?" என்று கேட்டே பொழுதை ஓட்டுகிறவன். கண்ணுக்குத் தெரிவதை விற்றுப் பிழைக்கிற தன்னைக் கண்ணுக்குத் தெரியாததுக்குக் காவல் இருக்கச் சொல்கிறாரே என்று அவனுக்குச் சங்கடம்தான், ஆனாலும் தலையாட்டினான். அந்தப் பூச்சிகளுக்குத் தீனி வேண்டும், ஒரு பச்சை இறாலைப் போட்டு அழுகவிடுங்கள் என்றார் பாய்.

புரட்டாசியில் பூலாம்பாளையத்தில் முட்டை ஓடுகூடக் கிடைக்காது. மாதேசு சேலம் போய், ஒற்றை இறாலை டிபன் பாக்ஸில் வைத்து, மேலே முறுக்குப் பாக்கெட் அடுக்கிக் கொண்டுவந்து தொட்டியில் போட்டான். மூன்றாம் நாள், அதுவும் பெருமாளுக்குரிய சனிக்கிழமை, படிக்கிற கண்ணாடி வாங்க வந்த தைலம்மாள் உள்ளே காலை வைத்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அடப்பாவி, கடையில எலி செத்துக் கெடக்குதாடா!" என்று வீதிக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள். எலியில்லை, இறால் என்று மாதேசு நிஜத்தைச் சொன்னது இன்னும் மோசமாகப் போயிற்று. நாமம் போட்ட பெரியவர்கள் நாலு பேர் கடை வாசலைத் தவிர்த்து எதிர்ப்பக்கமாக நடந்தார்கள்.

எதிர்த்த டீக்கடைச் சின்ராசுக்கோ வேறு கவலை. "மாதேசண்ணா, மீனில்லாத தொட்டியில மோட்டாரு, லைட்டு, சூடு பண்ற குச்சி! கரண்டு பில்லு கட்டித் தண்ணிய வேடிக்கை பாக்கறது ஒலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்."

மாதேசு காதில் வாங்கவில்லை. தினமும் காலையில் தொட்டித் தண்ணீரைச் சின்னக் குழாயில் பிடித்து, மருந்துச் சொட்டு விட்டு, நிறத்தை அட்டையோடு ஒட்டிப் பார்த்து, "பச்சை ஏறுது, அமோனியா நல்லா ஏறுது" என்று சந்தோஷப்படுவான். விஷம் ஏறுகிறது என்று சந்தோஷப்படுகிற மனுஷனை ஊர் அதுவரை கண்டதில்லை.

ஒன்பதாம் நாள் விடிகாலை ஐந்தரைக்குத் தொட்டியில் தண்ணீர் இறங்கியது. எங்கே போனது என்றால், கடல்தண்ணீர் இறங்கினால் எங்கே போகுமோ அங்கே போனது. தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை. இரண்டு சாண் தண்ணீர் வடிந்து, மணல் வரிவரியாக ஈரத்தோடு படுத்துக் கிடக்க, அதன் நடுவில், இறால் இருந்த இடத்தில், நீலவார் ரப்பர் செருப்பு ஒன்று, இடது காலுக்குரியது, கிடந்தது. சின்ராசு முதல் அடுப்பில் பால் பொங்கி இறக்குவதற்குள் தண்ணீர் பழையபடி ஏறி நின்றது.

செருப்பின் குதிகாலில், காய்ச்சிய ஆணியால் "சி.ரா." என்று சுட்டிருந்தது. கோயில் வாசலில் மாறிப்போகாமல் இருக்கச் சின்ராசு தன் செருப்புக்கெல்லாம் அப்படிச் சூடு போடுவான். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் திருச்செந்தூரில் அலையோடு போன செருப்பு அது. அவன் வியப்பதற்குப் பதில் வெற்றிக் களிப்பில் வீட்டுக்கு ஓடி, பரணிலிருந்து வலது கால் செருப்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். "ஒத்தச் செருப்ப எதுக்கு வெச்சுக் கட்டி அழுவறேன்னு என் பொண்டாட்டி கேக்காத நாளில்ல. இப்ப வரச்சொல்லுங்க அவள!" இரண்டையும் மாட்டிக்கொண்டு அன்று முழுக்க டீ ஆற்றினான்.

அதற்கப்புறம் தினமும் ஐந்தரைக்குத் தண்ணீர் இறங்குவதும், ஒரு சாமான் கிடப்பதும், ஏறுவதும் வழக்கமாகிவிட்டது. பூலாம்பாளையத்துக்காரர்கள் இது எப்படி என்று ஒரு நாளும் கேட்கவில்லை. பால் கறக்கிற நேரத்தில் வைத்திருக்கிறதே, ஆறரைக்கு மாற்றக் கூடாதா என்றுதான் குறைப்பட்டார்கள். உரிமை கொண்டாடுகிறவர்கள் எந்தக் கடல், எந்த வருஷம் என்று சொல்ல வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டார்கள். கடல் வந்துவிட்ட பிற்பாடு சுண்டல் இல்லாவிட்டால் நன்றாகவா இருக்கும் என்று சின்ராசு காலை போண்டாவை நிறுத்திவிட்டு, தேங்காய் மாங்காய் போட்ட சுண்டலைப் பொட்டலம் கட்டினான். பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு வந்து நின்றவர்களும் உண்டு.

ரிட்டையர்டு கண்டக்டர் அய்யாவு கன்னியாகுமரியில் அலை அடித்த சந்தோஷத்தில் சிரித்துத் தொலைத்த பல்செட் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது, ஓரமெல்லாம் சிப்பி பிடித்து. இத்தனை வருஷத்தில் ஈறு சுருங்கிவிட்டதால் அது வாயில் நிற்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பார்க்கிறவர்களுக்கெல்லாம் டிக்கெட் நீட்டுகிற மாதிரி நீட்டிக் காட்டினார். தைலம்மாளுக்குத்தான் தர்மசங்கடம். ஏழரைச் சனி தொலையட்டும் என்று ராமேஸ்வரத்தில் முழுக்குப் போட்டுக் கடலிலேயே விட்டுவந்த கிளிக்கரைப் புடவை, தண்ணீர் சொட்டச் சொட்டத் திரும்பி வந்து கிடந்தது. "அது என்ரதே இல்ல!" என்று சாதித்தாள். ஊரே அந்தப் புடவையை அறியும். கடைசியில் கோயில் ஐயர், சனியெல்லாம் உப்பில் கரைந்திருக்கும் அம்மணி, வந்திருப்பது வெறும் துணிதான் என்று தீர்ப்புச் சொல்ல, அதைக் கிழித்து அடுப்படியில் கரித்துணியாக்கினாள். ஒகேனக்கல்லில் மோதிரம் விட்ட ஒருத்தன் வந்து தன்னுடையது எப்போ வரும் என்று கேட்டதற்கு, "அது ஆத்துல போனது, இன்னும் கடலுக்குப் போய்ச் சேந்திருக்காது. அடுத்த வருசம் வா" என்று அய்யாவு திருப்பி அனுப்பினார்.

ஊர் இப்படிக் கொண்டாட்டத்தில் இருக்க, தொட்டிக்குச் சொந்தக்காரனான மாதேசுக்கு மட்டும் ராத்தூக்கம் போயிற்று. காரணம் அவன் மனைவி மைனாவதி.

கடையும் வீடும் ஒன்றுதான். முன்னறை கடை, பின்னால் குடித்தனம். முதல் செருப்பு வந்த மறுநாளிலிருந்து மைனாவதி ஐந்து மணிக்கே எழுந்து, காப்பி டம்ளரோடு தொட்டிக்கு நேர் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். ஒரு நாளும் தவறவில்லை. தண்ணீர் இறங்கியதும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்ப்பாள். "ஏனுங்க, இன்னிக்கும் என் கண்ணாடி வரலீங்க" என்று உள்ளே பார்த்துச் சொல்வாள். "செருப்பக் கொண்டாந்த கடலு கண்ணாடியக் கொண்டாராமயா போயிரும்? வருமுங்க, வரும்." பல் தேய்த்துக்கொண்டிருக்கிற மாதேசுக்கு நுரை தொண்டைக்குள் போகும்.

அந்தக் கண்ணாடியின் கதை ஊருக்கே மனப்பாடம். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், கல்யாணமான புதிதில், இந்த ஜோடி டூரிஸ்ட் பஸ்ஸில் கன்னியாகுமரி போனது. குளிக்கிறபோது மைனாவதியின் கண்ணாடியை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது. அவள் கண் தெரியாமல் தடுமாறுவதைப் பொறுக்காத மாதேசு, என் பொண்டாட்டிக்கு நானே கண்ணாடி செய்து போடுவேன் என்று சபதம் எடுத்து, சேலத்தில் ஒரு கடையில் மூன்று வருஷம் தொழில் பழகி, இந்தக் கடையைத் திறந்தான். புதுமாப்பிள்ளைகள் பெண்டாட்டியைக் கூட்டிவந்து அங்கேதான் கண்ணாடி வாங்குவார்கள், ராசியான கடை என்று. கல்லாவுக்கு மேலே அந்தக் கன்னியாகுமரி போட்டோ மாட்டியிருந்தது: அதில் மாதேசு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு விறைப்பாக நிற்பான், மைனாவதி கேமரா எங்கே இருக்கிறதென்று தெரியாமல் பக்கத்தில் வேறெதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. அந்தக் கண்ணாடியை அலை கொண்டுபோகவே இல்லை.

குளிக்கப் போகும்போது, "இதப் புடிங்க" என்று அவள் கழற்றிக் கொடுத்ததை மாதேசு கையில்தான் வைத்திருந்தான். பஸ்ஸில் வந்த கூட்டாளிகள் ஈரோட்டிலிருந்தே "சோடாபுட்டி, சோடாபுட்டி" என்று காதைக் கடித்திருந்தார்கள். போட்டோ ஒன்றாவது லட்சணமாக வரட்டுமடா என்றான் ஒருத்தன். இருபத்தினாலு வயது, புத்தி முழங்காலில் இருக்கிற காலம். மாதேசு கண்ணாடியைப் பைக்குள் செருகிவிட்டு, "அய்யோ மைனா, அலை அடிச்சுட்டுப் போயிருச்சு" என்றான். அன்று சாயங்காலம் பஸ் படியில் கால் தவறி முழங்கால் சிராய்த்துக்கொண்டு, "பரவால்லீங்க, நீங்க கையப் புடிச்சுக்குங்க" என்று அவள் சிரித்தபோது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான். அப்போதே எடுத்துக் கொடுத்திருக்கலாம். வெட்கம் விடவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளித் தள்ளி, அது கடையாகி, ஊர்க்கதையாகி, ராசியாகி, இனிமேல் வாயைத் திறந்தால் தன் குடித்தனமும் கடையும் ஒன்றாகச் சரியும் என்கிற இடத்துக்கு வந்து நின்றுவிட்டது. கண்ணாடியோ அடி இழுப்பறையில், பழைய லென்ஸ் தட்டுகளுக்குக் கீழே, மஞ்சள் துணிக்குள் பத்திரமாக இருந்தது.

அலை கொண்டுபோனதெல்லாம் திரும்பி வருகிற ஊரில், அலை கொண்டுபோகாதது மட்டும் எப்படி வரும்? "எல்லாத்துக்கும் வருது, மைனாவுக்கு மட்டும் ஏன் வரல?" என்று தைலம்மாள் ஒருநாள் வாய்விட்டே கேட்டாள். அய்யாவு கண்டக்டர் பார்வையால் மாதேசை ஏற இறங்கப் பார்த்தார்.

இதற்கிடையே தொட்டி தன் வேலையைத் தானாகச் செய்துகொண்டிருந்தது. அமோனியாவின் பச்சை வெளுத்தது, அடுத்து நைட்ரைட்டின் ஊதா ஏறி வந்தது, கல்லில் பழுப்புப் பாசி படிந்தது, பிறகு ஊதாவும் வெளுத்து வெளிர்நீலமானது. நாற்பத்தோராம் நாள் இரண்டு விஷமும் சுத்தமாக இல்லை. ஜமால் பாய் போனில், "மாஷா அல்லா! ரெண்டு கோமாளி மீனு எடுத்து வெச்சிருக்கேன். ஆனா அண்ணே, தண்ணி எறங்கற தொட்டியில மீனு எப்படி நிக்கும்? மணல்ல துடிச்சுச் செத்துப்போயிரும். அந்தப் பழக்கத்த நிறுத்தச் சொல்லுங்க" என்றார்.

யாரிடம் சொல்வது? மைனாவதி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: "என் சாமான் வரட்டுமுங்க. அப்பறம் மீன விடலாம்." ஜமால் பாய் ஒரு வாரம்தான் மீனை வைத்திருப்பேன் என்றார். மாதேசு இரண்டு நாள் சோறு இறங்காமல் யோசித்து, மூன்றாம் நாள் திருட்டுப் புத்திக்கு வந்து சேர்ந்தான்.

அடி இழுப்பறையைத் திறந்தான். அலையில் இருபத்திரண்டு வருஷம் கிடந்த கண்ணாடி புதுசாக இருந்தால் யார் நம்புவார்கள் என்று, பிரேமை லென்ஸ் தேய்க்கிற கல்லில் கொடுத்துத் தேய்த்தான், உப்புத் தண்ணீர் டம்ளரில் மூன்று நாள் ஊறவைத்துத் துருவேற்றினான். லென்ஸில் மட்டும் கீறல் போட அவனுக்குக் கை வரவில்லை. தொழில்காரன் கை அது. கீறுவதற்குப் பதில் துணியை எடுத்துப் பளபளவென்று துடைத்தே வைத்துவிட்டான்.

நாற்பத்தேழாம் நாள், மழைத் தூறலில் ஊர்க்கூட்டம் இன்னும் சேராதிருக்க, மைனாவதி காப்பி வைக்கப் போயிருந்த நேரம் பார்த்து, கையைத் தொட்டிக்குள் முழங்கைவரை விட்டுக் கண்ணாடியை மணல்மேல் வைத்தான். ஐந்தரை ஆனது. தண்ணீர் இறங்கத் தொடங்கியது. இறங்கிய தண்ணீரோடு கண்ணாடியும் மெல்ல நகர்ந்தது. மாதேசு பதறிப்போய்க் கையை நீட்டினான். அதன் ஒரு கால் அவன் விரலில் பட்டு வழுக்கியது, இரண்டு லென்ஸும் ஒருதரம் அவனைப் பார்த்தன, அவ்வளவுதான். மணல் வரிவரியாகக் கிடந்தது. அதில் ஒன்றுமே இல்லை.

"என்னங்க பண்றீங்க?"

காப்பி டம்ளரோடு மைனாவதி நின்றாள். மாதேசு தோள்வரை நனைந்த சட்டையோடு திரும்பினான். ஏதாவது பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தால், வந்தது இதுதான்:

"உன் கண்ணாடிய அலை அடிச்சுட்டுப் போயிருச்சு, மைனா."

"அது தெரிஞ்ச கதைதானுங்களே."

"இல்ல. இப்பத்தான் அடிச்சுட்டுப் போச்சு."

அதற்கப்புறம் அவனால் நிறுத்த முடியவில்லை. கூட்டாளிகள், சோடாபுட்டி, பை, பஸ் படி, மஞ்சள் துணி, தேய்த்த கல் வரைக்கும் எல்லாவற்றையும், மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான். "நாஞ் செஞ்சது தப்பு. உன் கண்ணப் புடுங்கி வெச்சுக்கிட்டு உனக்கே கண்ணாடி செஞ்சு போட்டு நல்ல பேரு வாங்குனவன் நான்" என்று முடித்தான். தண்ணீர் ஏறி நின்றது. மைனாவதி கையில் காப்பி ஆறி ஆடை கட்டியது.

அப்போது, ஒரு நாளும் இல்லாத வழக்கமாக, தண்ணீர் இரண்டாம் தடவை இறங்கியது. மைனாவதி, "அய்யோ சாமி!" என்று டம்ளரைப் போட்டுவிட்டுப் பாய்ந்து தொட்டியை மறைத்து நின்றாள். நாலடித் தொட்டியை எத்தனை மறைக்க முடியும்? அவள் இடுப்புக்குப் பக்கத்தில் மணல்மேல் ஒரு கூலிங் கிளாஸ் கிடந்தது. ஒரு பக்கம் கறுப்புக் கண்ணாடி, இன்னொரு பக்கம் ஓட்டை, காதில் மாட்டுகிற கால் இரண்டிலும் சிப்பி. ராமேஸ்வரத்தில் முழுக்குப் போட்டு எழுந்தபோது காணாமல் போன அவனுடைய கூலிங் கிளாஸ். எத்தனை நாள் அதைச் சொல்லி வருத்தப்பட்டிருப்பான்.

மாதேசு அதைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். இந்த நாற்பது நாளாக ஐந்து மணிக்கே வந்து முதல் ஆளாக உட்கார்ந்தாளே, அது எதற்காக என்று அப்போதுதான் அவனுக்கு மெல்ல விளங்கத் தொடங்கியது.

"அலை கொண்டுபோகலீங்களே அத," என்றாள் மைனாவதி, தரையைப் பார்த்து. "நான் வீசுனேன். கன்னியாகுமரியில அன்னிக்குச் சாயங்காலம் துண்டெடுக்கப் பையில கைய விட்டேன். கண்ணு தெரியாட்டிப் போவுது, கைக்குத் தெரியாதுங்களா என் கண்ணாடி? அழுகாச்சியா வந்துச்சு. மக்யா நாளு ராமேஸ்வரத்துல நீங்க முங்கற நேரம் பாத்து, உங்க சட்டை ஜோப்பிலிருந்து எடுத்து வீசிப்போட்டேன். எங்க உழுந்துச்சுன்னுகூடத் தெரியாது, கண்ணாடிதான் இல்லியே."

"தெரிஞ்சும் ஏன் புள்ள கேக்கல?"

"கேக்கலாம்னுதான் இருந்தேன். பஸ் படியில நான் உழுந்தப்போ நீங்க அழுதீங்க பாருங்க, யாருக்கும் தெரியாம மூக்க உறிஞ்சிக்கிட்டு, தொவண்டு போயி. அப்பறம் தொழில் பழகப் போறேன்னு நின்னீங்க. சரி, மனுசன் திருந்தற வழியில போறாரு, கூப்புட்டுக் கெடுப்பானேன்னு உட்டுட்டேன்."

"அப்ப தெனமும் 'கண்ணாடி வரலீங்க, வரலீங்க'ன்னு சொன்னது?"

மைனாவதிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "இருவத்திரண்டு வருசம் சும்மா இருந்திருக்கறேன். நாப்பது நாளு வறுத்தெடுக்கக் கூடாதுங்களா?"

பிறகு அவள் அந்த ஓட்டைக் கூலிங் கிளாஸை எடுத்து முந்தானையில் துடைத்து, அவன் மூக்கில் மாட்டி, இரண்டடி பின்னால் போய் நின்று கேட்டாள்: "இதுல தெளிவாத் தெரியுதுங்களா, இல்ல முந்தி மாதிரியே இருக்குதுங்களா?" மாதேசு அழுதுகொண்டே சிரித்தான். சுண்டல் வாங்க வந்து கதவோரம் நின்றிருந்த அய்யாவும் தைலம்மாளும் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்கள். அரைமணி நேரத்தில் ஊருக்கே தெரிந்தது. கடை சரியவில்லை. "பொய் சொன்னாலும் மூணு வருசம் தொழில் படிச்சுல்ல ஈடு கட்டியிருக்கறான்" என்று ஊர் பெருந்தன்மையாகச் சொல்லிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை ஜமால் பாய் இரண்டு கோமாளி மீன்களைப் பையில் கொண்டுவந்தார். புதுவீடு குடிபோகிறவர்களுக்குப் பால் காய்ச்சாமல் விட முடியுமா? சின்ராசு அடுப்பில் பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிய, தைலம்மாள் குலவையிட்டு, ஒரு டம்ளர் பாலைத் தொட்டிக்குமேல் சாய்க்கவே போய்விட்டாள். மாதேசு அவள் கையை எட்டிப் பிடித்து, "அம்மணி, நாப்பது நாளு தவம்! அத நீங்களே குடிச்சுருங்க" என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. பையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, கடைசியில் மைனாவதிதான் மீன்களை இறக்கிவிட்டாள். அவை கல்லை ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டு, வாடகைக்கு வீடு பிடித்துப்போனவர்கள் மாதிரி ஒரு மூலையில் நின்றன.

மறுநாள் ஐந்தரைக்கு ஊர் திரண்டு நின்றது. தண்ணீர் இறங்கவில்லை. ஆறு மணிவரை பார்த்தார்கள். "ஆளு குடியிருக்கற வீட்டுல கடல் வந்து சாமான் எறக்குமா? அதுக்கும் மரியாதை தெரியுமல்ல" என்று அய்யாவு சொல்ல, அதுவும் நியாயம்தான் என்று டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள். சின்ராசு அடுத்த நாளே போண்டாவுக்குத் திரும்பினான்.

இப்போது கல்லாவுக்கு மேலே இரண்டு போட்டோ மாட்டியிருக்கிறது. புதியதில் மாதேசு சிப்பி ஒட்டிய கூலிங் கிளாஸோடு, ஓட்டை வழியாக ஒரு கண் தெரிய நிற்கிறான். மைனாவதி கேமராவை நேராகப் பார்த்துச் சிரிக்கிறாள். கண்ணாடி வாங்க வருகிற புதுமாப்பிள்ளைகள் பழைய போட்டோவைக் காட்டிக் கதை கேட்பார்கள். மாதேசும் தொண்டையைச் செருமிக்கொண்டு, சத்தியத்தையே பேசுகிறவனின் தைரியத்தோடு, "அத ஏன் கேக்கறீங்க, இவ கண்ணாடிய அலை அடிச்சுட்டுப் போயிருச்சுங்க" என்று ஆரம்பிப்பான்.

அடுப்படியிலிருந்து மைனாவதியின் குரல் வரும்: "எப்பன்னும் சேத்துச் சொல்லுங்க!"